காய்ச்சல் கொப்பி

றிச்மண்ட் ஹில்
5 ஒக்ரோபர், ஞாயிறு

அக்சராவின் அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த இரண்டு வரியையும் மீடியேற்றர் ஸ்டெபனி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். போனில் பேசினால் சண்டை, மெசேஜ் போட்டால் அதைவிடப் பெரிய சண்டை. அதனால் பிள்ளையைப் பற்றிய விஷயங்களை இனி இந்தக் கொப்பியில் கடிதமாக எழுதி, அவளுடைய பையில் வைத்து அனுப்ப வேண்டுமாம். போனில் ஒரு வரிக்கு மேல் கூடாதாம். தமிழில் எழுதுவது என் யோசனை. இங்கிலீஷ் என்றால் அவள் ஒரே மூச்சில் வாசித்துவிடுவாள். தமிழில் இன்னும் ஆனா ஆவன்னாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எங்கள் வழக்குகள் தெரிய வேண்டாம்.

விஷயம் ஃப்ளூ ஊசி. அவளுக்கு இதுவரை ஒரு தடவையும் போடவில்லை. ஒவ்வொரு வருஷமும் போடுவதா விடுவதா என்று நாங்கள் சண்டை பிடித்து முடிக்க, பனி உருகி வசந்தம் வந்துவிடும். இந்த வருஷம் அவளுக்கு முட்டு வேறு, மூச்சு இழுக்கிறது. என்னோடு ஃபாக்ரரியில் வேலை செய்யும் அன்புராசாவின் மகனைப் போன குளிர்காலம் ஃப்ளூ வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மருத்துவ விஷயத்துக்கு இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும் என்று எங்கள் பிரிவு ஒப்பந்தத்தில் இருப்பதால் கேட்கிறேன். போடலாமா? ஒரு சொல் போதும்.

அவள் அடுத்து என்னிடம் வருவது 17ஆம் திகதி வெள்ளி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவும் ஸ்டெபனி சொன்ன வரிதான்.

சஞ்சீவன்

*

மல்வேர்ன்
16 ஒக்ரோபர், வியாழன்

அக்சராவின் அப்பாவுக்கு,

வணக்கம். நானும் நலம், பிள்ளையும் நலம், மூக்கைத் தவிர.

முதலில் ஒன்று. என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாங்கிலிருந்து வந்த கடிதமோ என்று திருப்பிப் பார்த்தேன். பதினொரு வருஷம் புருஷன் பெண்சாதியாக இருந்தோம், அது முடிந்தது, சரி. அதற்கு முன்னால் நான் உங்கள் மாமியின் மகள். அதை எந்தக் கோர்ட்டாலும் முடிக்க ஏலாது. மட்டக்களப்பில் எனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து ‘நீ’ என்றுதான் கூப்பிட்டீர்கள். அப்படியே எழுதுங்கள். நான் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. மச்சான் என்று எழுதக் கை போகிறது, மனம் விடவில்லை. அதனால் அக்சராவின் அப்பா.

ஊசிக்கு வருகிறேன். அவளுக்குத் தடிமன். மூக்கு நிற்காமல் ஓடுகிறது. தடிமனோடு ஊசி போட எனக்குப் பயம். சுகமாகட்டும், பார்க்கலாம். இது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. ஒரு சொல்லில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் எனக்கு இந்த நிலைமையே வந்திராது.

பையில் முட்டுக்கான பம்ப்பும் ஹெல்த் கார்டும் இருக்கின்றன. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நிருஜா

*

மல்வேர்ன்
17 ஒக்ரோபர், வெள்ளி

அக்சராவின் அப்பாவுக்கு,

நலமில்லை. நேற்றைய கடிதம் பையோடு புறப்படுமுன்பே காய்ச்சல் வந்துவிட்டது. 38.6. முப்பத்தெட்டுக்கு மேல் என்றால் பிள்ளை இருக்கிற வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். போனில் ஒரு வரி போட்டேன். ‘சரி’ என்று பதில் போட்டீர்கள். அந்தச் ‘சரி’க்குள் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த விதியை எழுதச் சொன்னதே நீங்கள்தான். போன மாசியில் நான் காய்ச்சலோடு அவளை பஸ்ஸில் கூட்டிவந்தேன் என்று ஸ்டெபனிக்கு முன்னால் கையை நீட்டிச் சொன்னீர்கள்.

அவள் அழுதாள். ‘அப்பா வரேல்லையா?’ என்று ஜன்னலடியிலேயே படுத்துவிட்டாள். பார்க்க எனக்கும் கவலையாக இருந்தது.

பிள்ளை வராவிட்டால் பை வராது, பை வராவிட்டால் கொப்பியும் வராது. இரண்டு கடிதமும் மாதக் கடைசி வரை இங்கேதான் கிடக்கும்.

நிருஜா

*

றிச்மண்ட் ஹில்
2 நவம்பர், ஞாயிறு

நிருஜாவுக்கு,

வணக்கம். நலம். நீ கேட்டபடி ‘நீ’ என்றே எழுதுகிறேன். ஸ்டெபனிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. ஒன்றில் மூக்கு, மற்றதில் காய்ச்சல். ஊசியைப் பற்றி ‘ஆமும் இல்லை, இல்லையும் இல்லை’ என்கிறாய். கல்யாணத்துக்குக் கேட்டபோதும் இதைத்தான் சொன்னாய். லேசான தடிமன் இருந்தாலும் போடலாம் என்று இங்கே பார்மசியில் நிற்கும் பஸ்ரியன் அண்ணை சொல்கிறார். சும்மா கேட்டுத்தான் பார்த்தேன்.

வெள்ளி ஹலோவீனுக்குப் பூசணிக்காய் உடுப்புப் போட்டாள். குளிருக்கு மேலே ஜக்கெற் மாட்டியதில் பூசணிக்காய் வெளியே தெரியவில்லை என்று முழு வழியும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். சனி காலை தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டேன். பின்னேரம் பார்க்கில் ஊஞ்சல் இடது கையில் இடித்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. குளிக்க வார்க்கும்போது அந்த இடத்தைத் தேய்க்காதே.

இன்னொன்று. 28ஆம் திகதி வெள்ளி அவள் கட்டாயம் என்னிடம் வர வேண்டும். ஏன் என்று கேட்காதே. சுகமாக இரு.

சஞ்சீவன்

*

மல்வேர்ன்
6 நவம்பர், வியாழன்

அக்சராவின் அப்பாவுக்கு,

வணக்கம். நலம். எல்லாரும் நலம். ஆனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஊஞ்சல் இடித்த இடத்தைப் பார்த்தேன். ஊஞ்சல் இவ்வளவு சின்னதாகவா இடிக்கும்? ‘என்ன மகள் நடந்தது?’ என்று கேட்டேன். ‘அப்பாட்டக் கேளுங்கோ’ என்று முகட்டைப் பார்த்தாள். கீழே விழுந்த பிஸ்கட்டைத் தின்றதைக்கூட ஓடிவந்து சொல்கிற பிள்ளை அவள். இப்போது கண்ணைப் பார்க்காமல் கதைக்கிறாள். 28இல் என்ன இருக்கிறது என்று கேட்டாலும் அதே முகடு. நீங்கள் வேறு கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை.

நல்ல செய்தி ஒன்று. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று தமிழ் வகுப்பு நிரூபா ரீச்சர் சொன்னார். வழியில் உள்ள கடைப் பலகை எல்லாவற்றையும் உரத்து வாசிக்கிறாள். அவளோடு பஸ்ஸில் போனால் மானம் போகிறது.

நிருஜா

பி.கு. 14 நவம்பர், வெள்ளி. நீங்கள் நம்பப் போவதில்லை. 38.3. இருமலும் இருக்கிறது. கொப்பி திரும்பவும் இங்கேயே.

*

(தபாலில்)
றிச்மண்ட் ஹில்
17 நவம்பர், திங்கள்

நிருஜாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். கொப்பி உன்னிடம் இருப்பதால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

ஒக்ரோபரில் ஒரு வெள்ளி, நவம்பரில் ஒரு வெள்ளி. இரண்டும் என்னுடைய வெள்ளி. உன்னுடைய வெள்ளிகளில் அவள் துள்ளிக்கொண்டு திரிகிறாள். காய்ச்சலுக்குக் கலண்டர் பார்க்கத் தெரியுமா? உண்மையில் காய்ச்சல்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு என்று நான் பேசாமல் இங்கே வாடகைக்கு ஒரு பேஸ்மென்றுக்கு வந்தேன். வீட்டைத்தான் விட்டேன், பிள்ளையை விடவில்லை. ஆறு கிழமையில் ஒரே ஒரு வீக்கென்ட் அவளைப் பார்த்திருக்கிறேன். அவளுடைய கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறேன், யாரும் படுக்காமலே திரும்ப மாற்றுகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

28ஆம் திகதியும் காய்ச்சல் என்றால் லோயரிடம் போவேன். மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

சஞ்சீவன்

*

(தபாலில்)
மல்வேர்ன்
22 நவம்பர், சனி

அக்சராவின் அப்பாவுக்கு,

வணக்கம். நலம் விசாரித்ததற்கு நன்றி. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மாடி முழுக்க ஃப்ளூ. பத்து மணித்தியாலம் முகமூடியோடு நின்றுவிட்டு வந்து, காய்ச்சலைச் சாட்டிப் பிள்ளையைப் பதுக்குகிறேன் என்று வாசித்தால் எனக்கு எப்படி இருக்கும்? தபால்பெட்டியடியில் நின்றே அழுதேன். கோபத்தில்தான்.

காய்ச்சல் கலண்டர் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளோடு ஐந்து நாள் ஒரே அறையில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு வெள்ளிக்கிழமைதானே காய்ச்சல் வரும்? ஆனால் ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். 14ஆம் திகதி 38.3 என்று கண்டதும், இரண்டு நாளும் அவள் என்னோடு இருப்பாள் என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதற்காக என்னையே ஏசிக்கொண்டேன். அவ்வளவுதான் என் குற்றம். தேர்மோமீற்றரில் நான் ஒன்றும் செய்யவில்லை.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வர, ‘லோயர் எண்டா ஆர் அம்மா?’ என்று கேட்கிறாள். நான் வாய்விட்டு வாசித்தேனோ என்னவோ.

28ஆம் திகதி வருவாள். கதவடியில் வைத்து நானே சோதித்து அனுப்புகிறேன்.

நிருஜா

*

றிச்மண்ட் ஹில்
30 நவம்பர், ஞாயிறு

நிருஜாவுக்கு,

நீ எப்படி அவளை அனுப்பினாய்?

நான் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்து ஜக்கெற்றைக் கழற்றினால் பிள்ளை அடுப்பாகச் சுடுகிறாள். 39.5. பம்ப் அடித்தும் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. எமர்ஜென்சியில் ஏழு மணித்தியாலம் மடியில் வைத்திருந்தேன். டொக்டர் வைரஸ் என்றார். எந்த வைரஸ் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார். மருந்துப் புகை பிடித்த பிறகுதான் மூச்சு சீராகியது. நான் பயந்தது அவளுக்குத் தெரியக்கூடாது என்று மேலே கூரையில் உள்ள லைற்றுகளை எண்ணச் சொன்னேன். மூச்சு வாங்க வாங்க எண்ணினாள்.

வந்தே ஆக வேண்டும் என்று எழுதியது நான்தான். லோயர் என்று எழுதியதும் நான்தான். அதற்குப் பயந்து காய்ச்சலோடு அனுப்பினாயா? அப்படியென்றால் என்னை ஏசு. என்னைப் பழிவாங்க அனுப்பினாய் என்றால் உன்னை மன்னிக்க எனக்குத் தெரியாது. எது என்று நீயே எழுது.

இப்போது 37.4. சாப்பிட்டாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

சஞ்சீவன்

*

மல்வேர்ன்
11 டிசெம்பர், வியாழன்

அக்சராவின் அப்பாவுக்கு,

வணக்கம். அவள் நலம். நீங்கள் எழுதிய இரண்டு காரணமும் இல்லை.

அந்த வெள்ளி நாலரைக்குக் கதவடியில் நிறுத்தி, வாயில் தேர்மோமீற்றரை வைத்துப் பார்த்தேன். 35.9. குறைவாக இருக்கிறதே என்றுகூட யோசித்தேன். காரில் உங்களிடம் வர முக்கால் மணித்தியாலம். அதற்குள் 39.5 எப்படி வரும்? ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல் என்பீர்கள். என்றாலும் எங்கள் தேர்மோமீற்றரைப் பையில் வைத்திருக்கிறேன். உங்களுடையதோடு வைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

எமர்ஜென்சி என்று உங்கள் ஒரு வரி வந்தபோது, நான் வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். எனக்கும் ஒரு வரிதான் அனுமதி. அந்த ஒரு வரியிலும் ஏசினேன். அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

அவளுக்கு வலது கையில் கொஞ்சம் நோ. ஸ்கூலில் கயிறிழுத்தல். அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். அவளிடம் ஒன்றும் கேட்கவும் வேண்டாம்.

குளிர் கூடப் போகிறதாம். காதை மூடிக்கொண்டு போங்கள்.

நிருஜா

*

றிச்மண்ட் ஹில்
14 டிசெம்பர், ஞாயிறு

நிருஜாவுக்கு,

நலம். இருந்து வாசி.

ஊஞ்சல் பொய். நவம்பர் முதலாம் திகதி உன்னைக் கேட்காமல் அவளுக்கு ஃப்ளூ ஊசி போட்டுவிட்டேன். முதல் தடவை என்றால் நாலு கிழமை கழித்து இன்னொன்று போட வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் அந்த 28. அது எமர்ஜென்சியில் போனது. நேற்று இரண்டாவதுக்காக பஸ்ரியன் அண்ணையிடம் கூட்டிப்போனேன். கதிரையில் ஏறி இருந்தவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சொன்னாள்:

‘அப்பா, எனக்கு வேற கை இல்ல.’

‘என்ன மகள்?’

‘இடது கை உங்களுக்குத் தந்திட்டன். வலது கை புதன்கிழமை அம்மாக்குக் குடுத்திட்டன். இனி இல்ல.’

பஸ்ரியன் அண்ணை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் கலண்டரில் விரல் வைத்து எண்ணினார். ‘நவம்பர் ஒண்டு, டிசெம்பர் பத்து. ஒம்பது வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு முதல் வருசம் ரெண்டு ஊசி, இடையில நாலு கிழமையாவது. எல்லாம் சரி தம்பி. நீங்கள் ரெண்டுபேரும் கூடிக் கதைச்சுச் செய்திருந்தாலும் இவ்வளவு சரியா வந்திராது.’ கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காருக்குள் வந்து ‘ஏன் சொல்லேல்ல?’ என்று கேட்டேன். ‘நீங்க அம்மாட்டச் சொல்லாத எண்டு சொன்னீங்க. அம்மா அப்பாட்டச் சொல்லாத எண்டு சொன்னா. நான் ரெண்டுபேரிட்டயும் சொல்லேல்ல’ என்றாள். கெட்டிக்காரி போல நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னாள். பிறகு பையிலிருந்து உன் தேர்மோமீற்றரை எடுத்து, இதில் எது பொய் என்று பார்க்கப் போகிறோம் என்றேன்.

‘ரெண்டும் நல்லது அப்பா. நான் வாய்க்குள்ள ஐஸ் வச்சனான்.’

ஸ்கூலால் வந்ததும் ஃப்ரிட்ஜில் எடுத்து, நீ தேர்மோமீற்றரைக் கொண்டு வரும்வரைக்கும் வாய்க்குள் வைத்திருந்தாளாம். மூன்று கட்டி. பல் கூசியதாம். ஏன் என்றேன். ‘காய்ச்சல் எண்டா அப்பா இல்ல. திரும்பவும் காய்ச்சல் வந்தா லோயர் வருவார்.’ யார் சொன்னது என்றேன். என் தபால் கடிதமும் செருகியிருந்த கொப்பியைத் தட்டிக் காட்டினாள். எங்கள் கடிதங்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நிருஜா. எல்லாம் விளங்கவில்லையாம். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தச் சொல் இருக்கிறதாம். ‘இது காய்ச்சல் கொப்பி’ என்றாள்.

காரை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூச்சு இழுத்துக்கொண்டு என் மடியில் கிடந்து லைற் எண்ணிய பிள்ளை, என்னைப் பார்க்க வருவதற்காக அப்படி வந்திருக்கிறாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அவளை அல்லவா சுட்டிருக்கிறது. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சஞ்சீவன்

*

மல்வேர்ன்
24 டிசெம்பர், புதன்

மச்சான்,

பத்து நாளாக எழுத முயன்று கிழித்துக்கொண்டிருக்கிறேன். கொப்பி மெலிந்துவிட்டது.

ஓம், வலது கை என் வேலை. கயிறிழுத்தல் பொய். இல்லத்தில் ஒரே கிழமையில் மூன்று கட்டில் வெறுமையாகின. பயந்து அவளை எங்கள் டொக்டரிடம் கூட்டிப்போனேன். முதல் தடவையா என்று கேட்டார், ஓம் என்று துணிந்து சொன்னேன். நீங்கள் சொன்னது சரி என்று உங்களுக்கு எழுத ரோசம் விடவில்லை. ஜனவரியில் இன்னொன்றுக்கும் ரகசியமாக நாள் எடுத்து வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைக்குப் பழக்கியிருக்கிறோம். எங்களைவிட அவள் நன்றாக மறைத்துவிட்டாள். 35.9 என்று பார்த்து, ஜக்கெற் மாட்டி, கன்னத்தில் கொஞ்சி அனுப்பினவள் நான். கன்னம் சுட்டிருக்கும். எனக்குத் தெரியவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்தில் என் தோலே மரத்துப்போய்விட்டது போல.

அந்த விதியை மாற்றுவோம். ஸ்டெபனி பிறகு ரைப் பண்ணட்டும். முப்பத்தெட்டுக்கு மேல் என்றால் பிள்ளை இருக்கிற வீட்டிலேயே இருக்கட்டும், மற்றவர் அங்கே வர வேண்டும். இங்கே சோபா இருக்கிறது. முகமூடி நான் தருகிறேன். இது நாங்கள் திரும்பச் சேருகிற கதை இல்லை. அப்படி நினைத்துப் புதுச் சேர்ட்டோடு வந்து நிற்காதீர்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அப்பா இல்லை என்று இனி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இதை அவளுக்குக் காலையில் சொன்னேன். மத்தியானம் குசினிக்கு வந்து, ‘அம்மா, எனக்குச் சுடுது. அப்பாக்குச் சொல்லுங்கோ’ என்கிறாள். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன். பக்கத்தில் இருத்தி, வாயைத் திறக்க வைத்துப் பார்த்து, கால் மணித்தியாலம் பொறுத்து, நானே பிடித்து அளந்தேன். கன்னத்தையும் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு ஊசி போட்டும் காய்ச்சலா என்று கேட்காதீர்கள். ஊசி ஃப்ளூவுக்கு, ஊரில் உள்ள மற்ற வைரஸ்களுக்கு அல்ல. மூச்சு நன்றாக இருக்கிறது. தண்ணி குடிக்கிறாள். கொத்தமல்லி நீங்கள் அவிப்பதுதான் நல்லதாம்.

இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன். ஒரு வரிக்கு மேல்தான், என்ன செய்வது. கீழே இடம் விடச் சொன்னாள், அவளே எழுதப் போகிறாளாம். விட்டிருக்கிறேன். ரோட்டு வழுக்கும், காரைப் பார்த்து ஓடுங்கள்.

நிருஜா

அப்பா 38.4. ஐஸ் இல்லை. சுடுதண்ணி இல்லை. வாங்கோ.